இரண்டு ரூபாய் பந்தயமும் ஒரு சோலார் கடிகாரமும்

(சென்ற மறுசந்திப்பு நாளில், 1978-81 இயற்பியல் வகுப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் கால் மணி. "ஏதாவது விஞ்ஞான சம்பந்தமா பேசுங்க, ஆனா போர் அடிக்கக் கூடாது" என்று செயலாளர் கண்டிஷன் போட்டுவிட்டார். அதனால் ஒரு கடிகாரத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இதோ, என் இடது கையில் இருப்பதுதான். பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். கையில் கட்டியிருக்கிறேனே தவிர இது என்னுடையது அல்ல. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடையது. அவர் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. 'கும்மோணம்' என்று சொன்னால் உடனே தெரியும். திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹாஸ்டலுக்கு வந்தவருக்கு முதல் வாரத்திலேயே நாம் வைத்த பெயர் அது. இனி நானும் அப்படியே சொல்கிறேன். அவர் மன்னிப்பார். மன்னிக்க வேண்டியது அவருக்கு இன்னும் நிறைய இருக்கிறது.

1979 டிசம்பர். கும்மோணத்தின் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தார். விமானத்தில் இல்லை, 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில். இளையவர்களுக்குத் தெரியாது, அப்போது அந்தக் கப்பல் சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் நின்றது. கப்பல் வந்தால் நாகப்பட்டினமே திருவிழா மாதிரி இருக்கும் என்பார்கள். டேப் ரிகார்டர், நைலக்ஸ் புடவை, கோடாலித் தைலம் எல்லாம் வந்து இறங்கும். அந்தத் தடவை கும்மோணத்துக்கு வந்து இறங்கியது ஒரு டிஜிட்டல் கடிகாரம். பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தபோது கையில் கட்டிக்கொண்டு வந்தார்.

அப்போது நம்மில் பலருக்கு எச்.எம்.டி.யே கனவு. அதற்கும் சாவி கொடுக்க வேண்டும். டிஜிட்டல் கடிகாரம் சிங்காரத்தோப்புப் பக்கம் மறைத்து வைத்து விற்றவர்களிடம் கிடைக்கும் என்பார்கள், நான் வாங்கியதில்லை. ஆனால் இவர் கொண்டு வந்தது அதற்கும் மேலே. முகப்பில் எண்கள் தெரியும் சின்ன ஜன்னலுக்கு மேலே கருநீலத்தில், கண்ணாடித் துண்டுகள் போல, நாலு பட்டை. அதன் கீழே இங்கிலீஷில் 'சோலார்' என்று எழுதியிருந்தது. "இது வெயில்ல ஓடுது மாப்ளே. செல்லே மாத்த வேண்டாம்" என்றார் கும்மோணம்.

நம்பவில்லை. யாரும் நம்பவில்லை. அதிலும் நம்பாதவர்களுக்குத் தலைவன் நான்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் மலிவு விலைக் கடிகாரங்களில் சூரியப் பலகை மாதிரி வெறும் பட்டையை அலங்காரத்துக்கு ஒட்டி விற்கிற பித்தலாட்டம் உண்மையிலேயே இருந்தது. உள்ளே சாதாரண செல்தான் ஓட்டும். மேலே இருப்பது பொட்டு வைத்த மாதிரி, அழகுக்கு. இது எனக்கு எப்படியோ காதில் விழுந்திருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்து வருகிற டே-ஸ்காலருக்கு ஹாஸ்டலில் மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் இப்படி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். "டேய், அது டூப்புடா. பெயிண்ட் அடிச்ச கண்ணாடி" என்று அறிவித்துவிட்டேன்.

கும்மோணம் லேசில் விடுகிற ஆள் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இதுல என்னடா படம்?" 'ஆரியபட்டா.' 1975 ஏப்ரலில் நாம் அனுப்பிய முதல் செயற்கைக்கோள். நோட்டில் அதன் படத்தைப் பார்த்தால் உடம்பு முழுக்கப் பட்டை பட்டையாக இருக்கும். அதெல்லாம் சூரிய மின்கலம். "வானத்துல இதுக்கு யாரு போய் செல் மாத்தறா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது என்ன செய்வோம், குரலை உயர்த்துவோம். "அது கவர்மெண்டு, இது ஹாங்காங்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் அடுத்த அஸ்திரத்தை விட்டார். அவர் ஊருக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. அரை வட்டமாகச் செதுக்கி, நடுவில் ஒரு முள், அதன் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் மணி. "வெயில் மணி காட்டினா கும்பிடுவே, கடிகாரத்தை ஓட்டினா நம்ப மாட்டியா?" இதற்கும் சிரிப்புதான்.

பந்தயம் கட்டினோம். அதே இரண்டு ரூபாய். நான்தான் சோதனைக்காரன். இயற்பியல் மாணவன் இல்லையா! கடிகாரத்தை வாங்கி, கறுப்புத் துணியில் சுற்றி, ஹாஸ்டல் மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மூன்றாவது ஆளிடம் கொடுத்தோம். மூன்று நாள். வெயிலில்தான் ஓடுகிறதென்றால் இருட்டில் நின்றிருக்க வேண்டும், இல்லையா? நாலாம் நாள் காலையில் இருபது பேர் கூடி அலமாரியைத் திறந்தார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகாசவாணி செய்திக்கு முன்னால் வருகிற 'பீப்'போடு ஒத்துப் பார்த்தால் நேரம்கூடத் தவறவில்லை.

"பாத்தியா! செல்லுதான் ஓட்டுது" என்றேன். ஒரே கூச்சல். அன்றைக்கு மெஸ்ஸில் கும்மோணத்தின் தட்டுக்குப் பக்கத்தில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, "கடிகாரத்துக்கு டிபன்" என்றார்கள். அவர் எழுந்து போய்விட்டார். அப்புறம் ரொம்ப நாள் அந்தக் கடிகாரத்தை அவர் கட்டவில்லை. இரண்டு ரூபாயை மட்டும் என் கையில் வைத்தார். அதில் டீயும் பன்னும் சாப்பிட்டேன் என்று நினைவு.

1981 ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, சத்திரம் பஸ் நிலையத்தில் டிரங்குப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தவர், பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கடிகாரத்தை என் கையில் திணித்தார். "மூணு நாள் போதாதுடா. நீயே வச்சுக்கோ. எத்தனை வருஷம் ஓடுதுன்னு பாரு. நின்னுபோனா எனக்கு ஒரு கார்டு போடு." பஸ் போய்விட்டது. நல்லவேளை கிடைத்தது என்று நானும் கட்டிக்கொண்டேன். அதைக் கட்டிக்கொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனேன். அதைக் கட்டிக்கொண்டுதான் 1982-ல் தபால் தந்தி இலாகாவில் தொலைபேசிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன்.

இனி கொஞ்சம் என் தொழில் விஷயம். பழைய ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சுகள் மெயின்ஸ் கரண்டில் நேராக ஓடாது. பேட்டரி ரூம் என்று ஒன்று இருக்கும். ஆள் இடுப்பு உயரத்துக்கு லெட்-ஆசிட் செல்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், மொத்தம் 50 வோல்ட். மெயின்ஸிலிருந்து ஒரு சார்ஜர் அந்த பேட்டரிக்குத் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும். எக்ஸ்சேஞ்சு பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதை 'ஃப்ளோட்' என்போம். ஊரே இருண்டாலும் டெலிபோன் மட்டும் வேலை செய்ததே, அது இதனால்தான். கரண்டு போய்ப் பல மணி நேரம் எக்ஸ்சேஞ்சு ஓடும். அதைப் பார்த்து, "இந்த எக்ஸ்சேஞ்சுக்கு மெயின்ஸே கிடையாது, சார்ஜர் வெறும் அலங்காரம்" என்று யாராவது சொன்னால் அவனை என்ன சொல்வோம்?

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு நைட் டூட்டியில், ஹைட்ரோமீட்டரும் கையுமாக செல்லுக்கு செல் பார்த்துக்கொண்டு வரும்போது கையிலிருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். என் மூன்று நாள் அலமாரிச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை! உள்ளே செல் இருக்கிறது என்று காட்டியதே தவிர, மேலே இருப்பது பொய் என்று காட்டவில்லை. சேமித்து வைத்ததை எடுத்து ஓடுகிற எதையும் மூன்று நாள் இருட்டில் வைத்தால் அது ஓடத்தான் செய்யும்.

அன்றைக்கே ஒரு கார்டு போட்டிருக்கலாம். பதினைந்து பைசா. போடவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளிக்கு வாழ்த்தோடு சேர்த்து என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் அவர் விலாசம் எழுதிய நோட்டு வீடு மாற்றும்போது தொலைந்தது.

கடிகாரம் 1985 ஐப்பசியில் நின்றது. முதலில் எண்கள் வெளிறின. ஒரு வாரம் மங்கலாகத் தெரிந்து, பிறகு வெறும் சாம்பல் நிறம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு வருஷம். அந்தக் காலத்து சாதாரண செல் ஒன்றிரண்டு வருஷம் வந்தால் பெரிசு. ஒரு கடையில் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் வேறு செல் போட்டு ஓட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அதுவும் தீர்ந்தது. அதற்குள் முள் வைத்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் கடைக்குக் கடை வந்துவிட்டன. ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, இதைச் செல்லோடு அப்படியே மேஜை இழுப்பறையில் போட்டேன். முப்பத்து மூன்று வருஷம் அங்கேயே கிடந்தது.

2020 ஜனவரி கடைசியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். மார்ச்சில் ஊரடங்கு. ஸ்ரீரங்கத்தில் தேர் ஓடாத சித்திரையை நான் பார்த்தது அந்த வருஷம்தான். இழுப்பறையைச் சுத்தம் பண்ணும்போது கடிகாரம் கையில் கிடைத்தது. சால்டரிங் அயர்ன் இருக்கிறது, மல்ட்டிமீட்டர் இருக்கிறது, நேரம் ஏராளமாக இருக்கிறது. உட்கார்ந்தேன்.

பின்மூடியை நெம்பித் திறந்ததும் வயிற்றைக் கலக்கியது. பட்டன் செல் கசிந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைச் சுற்றி இருந்த செம்புத் தடங்கள் பச்சை பிடித்துக் கிடந்தன. இந்தச் செல்களில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். காற்றுப் பட்டால் கார்பனேட்டாகி உப்பு மாதிரி படியும். காரத்தை அடிக்க அமிலம்தானே? வினிகரை நீர்க்கலந்து, பஞ்சு சுற்றிய தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பிறகு டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால். அந்த ஊரடங்கு நேரத்தில் ஆல்கஹாலுக்கு அலைந்த கதை தனி. ஊரே அதில் கை கழுவிக்கொண்டிருந்தது.

சுத்தமானதும் ஐகிளாஸை மாட்டிக்கொண்டு குனிந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். மேலே இருக்கிற நீலப் பட்டையிலிருந்து இரண்டு ஒயர், தலைமுடி கனம், கீழே இறங்கி வருகிறது. ஒன்று சர்க்யூட்டில் ஒட்டியிருக்கிறது. இன்னொன்று வெட்டப்பட்டு, நுனி மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒயர் போய்ச் சேர வேண்டிய இடத்தில் கடுகு மாதிரி ஒரு டயோடு.

அலங்காரப் பட்டைக்கு எதற்கு ஒயர், எதற்கு டயோடு? டயோடு என்றால் ஒருவழிக் கதவு. பகலில் பலகையிலிருந்து செல்லுக்கு மின்சாரம் போகும், ராத்திரியில் செல்லிலிருந்து பலகைக்குத் திரும்பிப் போகாது. பொய்க்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஒயரை வெட்டியது 1985-ல் செல் போட்டவராகத்தான் இருக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் இருந்தது திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றத் தகுந்த செல். அது எங்கே கிடைக்கும்? கையில் இருந்ததோ சாதாரண செல். சாதாரண செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே வாயு உண்டாகி அது பிதுங்கிக் கசியும். ஆகவே பலகையை வெட்டிவிட்டது அவர் தொழில் தெரிந்து செய்த காரியம். செல்லை உள்ளேயே விட்டு முப்பது வருஷம் மறந்தது என் காரியம்.

பலகையின் இரண்டு முனையிலும் மல்ட்டிமீட்டரை வைத்தேன். ஒன்றும் இல்லை. சிலிக்கன் சூரியக்கலம் ஒன்று, சின்னதோ பெரிசோ, நல்ல வெளிச்சத்தில் அரை வோல்ட்டைச் சுற்றித்தான் கொடுக்கும். நாலு சேர்ந்தால் இரண்டு வோல்ட் வர வேண்டும். தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தேன். முதல் கலம் 0.5. இரண்டாவது 0.5. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு விட்டுப் போயிருந்தது. ஒரு ஒயரிலிருந்து ஒற்றை இழையை உருவி, மின்சாரம் கடத்தும் பசை வைத்து ஒட்டினேன். அந்தப் பழைய கலத்தின் மேல் சால்டரிங் சூடு காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. பசை காய ஒரு நாள்.

டிஸ்ப்ளேயும் பாழாகியிருந்தது. எல்.சி.டி. என்பது இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே திரவப் படிகம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போலராய்டு படலம். பி.எஸ்ஸி.யில் நாம் படித்த அதே போலரைசேஷன்தான். மின்சாரம் இல்லாதபோது படிகம் ஒளியை 90 டிகிரி முறுக்கி அனுப்பும், மேல் படலமும் கீழ்ப் படலமும் குறுக்காக இருந்தாலும் ஒளி கடந்து போகும். மின்சாரம் பட்ட இடத்தில் முறுக்கு விட்டுப்போகும், அங்கே கறுப்பாகத் தெரியும். கண்ணாடி நன்றாக இருந்தது. மேல் படலம்தான் டீ டிகாஷன் நிறத்தில் பழுத்து, புளித்த வாசனை அடித்தது. அதை பிளேடால் கிளப்பி எடுத்துவிட்டு, செத்துப்போன ஒரு கால்குலேட்டரிலிருந்து படலத்தை உரித்து ஒட்டினேன். கிழிந்தது. அப்புறம் கூரியரில் ஒரு தாள் வரவழைத்தேன். அதைத் திசை பார்க்காமல் வெட்டி ஒட்டியதில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வந்து தொலைத்தது. மறுபடி 90 டிகிரி திருப்பி வெட்ட வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரி, "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி படிச்ச பாடத்துக்கு இப்பத்தான் பிராக்டிகல் நடக்குதா?" என்று கேட்டாள்.

இப்போது முக்கியமான கட்டம். புது செல் கைக்கு வந்து சேரவில்லை. கடிகாரத்தில் செல்லே இல்லை. வெட்டிய ஒயரை டயோடு இருந்த இடத்தில் சேர்த்தேன். பழைய டயோடு காரத்தில் போய்விட்டதால் புதிதாக ஒரு ஷாட்கி டயோடு வைத்தேன். அது குறைவான வோல்டேஜையே விழுங்கும். பகல் பதினொன்றரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ராஜகோபுரம், தெற்கே காவேரிக்கு அப்பால் மலைக்கோட்டை. வெயில் பளீரென்று இருந்தது.

கடிகாரத்தை வெயிலில் காட்டினேன். சாம்பல் ஜன்னலில் கறுப்பாக 12:00 என்று வந்தது. நடுவில் இரண்டு புள்ளி துடித்தது.

உள்ளங்கையை மேலே மறைத்தேன். எண்கள் மங்கி மறைந்தன. கையை எடுத்தேன். 12:00. மறைத்தேன். போயிற்று. எடுத்தேன். 12:00. ஒரு இருபது தடவையாவது அப்படிச் செய்திருப்பேன். கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள், எனக்குக் காது கேட்கவில்லை.

நண்பர்களே, இதுதான் சரியான சோதனை. செல்லைக் கழற்று, வெயிலில் காட்டு. அவ்வளவுதான். 1980-ல் ஹாஸ்டலில், பின்மூடியைத் திறந்து, செல்லை எடுத்துவிட்டு ஜன்னலோரம் பிடித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கலத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. சூரிய மின்கலத்தை அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தார் 1954-லேயே செய்து காட்டிவிட்டார்கள். 1958-ல் வான்கார்டு-1 செயற்கைக்கோள் அதில் ஓடியது. கடிகாரத்திலும் இது புதிதல்ல. 1972-ல் பல்சர் என்ற முதல் டிஜிட்டல் கைக்கடிகாரம் வந்தபோது அதில் சிவப்பு எல்.ஈ.டி. எண்கள். மின்சாரம் தின்றுவிடும் என்பதால் பட்டனை அழுத்தினால்தான் மணி தெரியும். அந்தப் பசிக்குத் தீனி போட ரோஜர் ரீல் என்ற அமெரிக்கர் 'சிங்க்ரோனார்' என்று ஒன்று செய்தார். தலையில் சூரியப் பலகை, எண்கள் பக்கவாட்டில். சிட்டிசன் கம்பெனி 1976-ல் முள் வைத்த கடிகாரத்தையே சூரிய ஒளியில் ஓட்டிவிட்டது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் நான் "பெயிண்ட் அடிச்ச கண்ணாடி" என்றேன். எனக்கு வேண்டியிருந்தது சோதனை இல்லை. இருபது பேர் முன்னால் ஜெயிப்பது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய சோலார் கடிகாரங்களுக்கென்று 1.5 வோல்ட்டில், திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய மாங்கனீஸ்-டைட்டானியம் லித்தியம் செல் வருகிறது. பழைய செல்லைவிட அகலமும் குறைவு, உயரமும் குறைவு. சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் வளையம், அடியில் மடித்த செம்புத் தகடு வைத்து உட்கார வைத்தேன். அவசரப்பட்டு 3 வோல்ட் லித்தியம் செல்லைப் போட்டுவிடாதீர்கள், சார்ஜ் ஏற்றக் கூடாத வகை அது. என்னிடம் இருக்கும் செல்லின் கொள்ளளவு 5 மில்லி ஆம்பியர்-மணி. கடிகாரம் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்க, நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜ் எடுத்தேன். 25 மில்லிவோல்ட். அதாவது 2.5 மைக்ரோ ஆம்பியர். வகுத்துப் பாருங்கள், 2,000 மணி நேரம். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் எண்பத்து மூன்று நாள் ஓடும். மூன்று நாள் அலமாரியில் வைத்தவனை என்ன சொல்ல!

நாளுக்குப் பதினோரு வினாடி வேகமாக ஓடியது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து தடவை வகுத்தால் சரியாக ஒன்று வரும். அதற்காகவே தேர்ந்தெடுத்த எண் அது. பக்கத்திலேயே ஒரு டிரிம்மர் இருக்கிறது. ஊசி முனையால் நகர்த்தி நகர்த்தி இரண்டு வாரத்தில் நாளுக்கு அரை வினாடிக்குள் கொண்டு வந்தேன்.

ஒரு நாள் பயந்தே போனேன். சித்திரை வெயிலில் மாடிச் சுவரில் வைத்துவிட்டு மறந்துபோனேன். போய்ப் பார்த்தால் ஜன்னல் முழுக்கக் கறுப்பு. எழுத்தே இல்லை. பட்ட பாடெல்லாம் வீண் என்று நினைத்து நிழலில் கொண்டு வந்து வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் ஓரத்திலிருந்து கறுப்பு விலகி எண்கள் தெரிந்தன. சூடு ஒரு அளவுக்கு மேல் போனால் திரவப் படிகம் படிகத் தன்மையை இழந்து வெறும் திரவமாகிவிடுகிறது, ஒளியை முறுக்காது. ஆறினால் பழையபடி ஆகிவிடும். வெயிலில் ஓடுகிற கடிகாரத்துக்கும் திருச்சி வெயில் கொஞ்சம் அதிகம்தான்.

கடிகாரம் தயார். ஆளைக் காணோம். சங்கத்தார் மறுசந்திப்புக்கு விலாசம் திரட்டியபோது நான்தான் நம் வகுப்புக்குப் பொறுப்பு. யாரோ யாருக்கோ சொல்லி, கடைசியில் ஒரு நம்பர் வந்தது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று ஊரிலேயே இருக்கிறார் என்றார்கள். போன் பண்ணினேன். பெயரைச் சொன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பழைய குரல்:

"நின்னுபோச்சா?"

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சௌக்கியமா என்று கேட்கவில்லை, எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நான், "நின்னுது, இப்ப ஓடுது. நீ சொன்னது நிஜம்டா" என்றேன். அலமாரிச் சோதனை எங்கே தப்பு என்று பேட்டரி ரூமிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அது அன்னிக்கே தெரியும்டா. சொல்லத் தெரியலை" என்றார். அப்புறம், "மெழுகுவர்த்தி ஏத்தி வச்சது யாரு?" என்று கேட்டார். நான் இல்லை என்று அவரிடம் சொன்னேன். இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நான்தான்.

கும்மோணம், மேடைக்கு வரணும். இல்லை, உட்கார்ந்திரு, உனக்கு முழங்கால் வலி என்று சொன்னாய், நானே வருகிறேன்.

இந்தா, உன் கடிகாரம். இது உன் இரண்டு ரூபாய். பழைய நோட்டு விற்பவரிடம் தேடி, ஆரியபட்டா படம் போட்டதாகவே பார்த்து வாங்கியிருக்கிறேன். வட்டி கேட்காதே. வாரத்தில் ஒரு நாள் ஜன்னலோரம் வைத்தால் போதும், வெயிலில் நேராக வேண்டாம். செல் நின்றுபோனால் கடையில் கொடுக்காதே, என்னிடம் அனுப்பு. முழுக்கைச் சட்டை போடுகிற நாளில் மட்டும் இடது கையைக் கொஞ்சம் மடித்து விட்டுக்கொள்.